வழுக்காத தரைக்கு ஏற்ற மாப்: தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

தரையைத் துடைப்பது நமக்குப் பல ஆண்டுகளாகப் பழகிப்போன வேலை. அதனாலேயே எந்த மாப் வாங்குகிறோம், அது தரையில் எவ்வளவு ஈரத்தை விட்டுச் செல்கிறது என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. கடையில் மலிவாகக் கிடைத்ததை வாங்கி வருகிறோம். அல்லது பிள்ளைகள் வாங்கித் தந்ததை வைத்துச் சமாளிக்கிறோம்.

வயது ஏற ஏற, இந்தச் சின்ன விஷயத்தில் கவனம் தேவைப்படுகிறது. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுதோறும் கீழே விழுகிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இளம் வயதில் வழுக்கி விழுந்தால் எழுந்து தட்டிவிட்டுப் போய்விடலாம். எலும்பு பலவீனமான வயதில் அப்படி முடியாது. இடுப்பு எலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சை, பிறகு வாரக்கணக்கில் நடைப்பயிற்சி என்று நீளும். முன்போல் தனியாகச் சந்தைக்கும் கோவிலுக்கும் போய்வர முடியாமலே போனவர்களும் உண்டு.

வீட்டில் விழும் அபாயத்தைக் குறைக்கப் பல வழிகள் இருக்கின்றன. அவற்றில் எளிய ஒன்று, தரையை ஈரமாக விடாமல் துடைப்பது. இந்தக் கையேடு அதற்கு உதவும் மாப் எது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்குகிறது. இதில் முக்கியமான செய்தி ஒன்றுதான்: நல்ல மாப் அழுக்கோடு ஈரத்தையும் எடுக்க வேண்டும், அதைப் பிழிய நீங்கள் குனியவோ மணிக்கட்டை முறுக்கவோ வேண்டியிருக்கக் கூடாது.

1. ஈரமான தரை ஏன் வழுக்குகிறது?

நாம் நடக்கும்போது காலுக்கும் தரைக்கும் இடையே ஒரு பிடிப்பு இருக்கிறது. தரையில் தண்ணீர் இருந்தால் அது மெல்லிய படலமாகப் பரவி, காலடி தரையைத் தொடாமல் தடுக்கிறது. தண்ணீரோடு சோப்பும் எண்ணெயும் சேர்ந்தால் வழுக்கல் இன்னும் அதிகமாகும். மீன் பொரித்த அடுப்படி, பூஜை மாடத்தில் விளக்கு எண்ணெய் சிந்திய இடம், குளியலறை வாசல் ஆகியவை நம் வீடுகளில் அதிகம் வழுக்கும் இடங்கள்.

சிங்கப்பூரின் வானிலையும் ஒரு காரணம். இங்கு காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. மழை நாளில் சன்னல்களை மூடிவிட்டால், சொட்டச் சொட்டத் துடைத்த தரை வெகுநேரம் காயாது. தொலைபேசி ஒலிக்கிறது, கதவை யாரோ தட்டுகிறார்கள் என்று அவசரமாக எழுந்து நடக்கும்போது அந்த ஈரம் நினைவில் இருப்பதில்லை.

கண்புரை உள்ளவர்களுக்குப் பளபளப்பான வெளிர்நிறத் தரையில் தேங்கிய தண்ணீர் எளிதில் தெரியாது. நீண்டகால நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கு, ஈரத்தில் கால் வைத்தது உடனே தெரியாமல் போகலாம். இவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

2. தரையில் உட்கார்ந்து துணியால் துடைக்கலாமா?

பலரும் ஊர் வழக்கப்படி குந்தி உட்கார்ந்து, பழைய துணியால் துடைப்பதையே விரும்புகிறார்கள். அப்படித் துடைத்தால் மூலை முடுக்கெல்லாம் சுத்தமாகும் என்பது உண்மைதான். ஆனால் வெகுநேரம் குந்தியிருப்பது முழங்கால் மூட்டுக்கு அதிகப் பாரம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென எழுந்தால் தலைசுற்றலாம். சுற்றிலும் ஈரத் தரை இருக்கும்போது தலைசுற்றினால் விழுவது எளிது. ஆகவே, நின்றபடி துடைக்கும் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். சிறிய கறைகளுக்கு மட்டும் ஒரு முக்காலியில் அமர்ந்து துணியைப் பயன்படுத்தலாம்.

3. மாப் வகைகளும் அவற்றின் நிறைகுறைகளும்

நூல் மாப்: தடித்த பருத்தி நூல்களால் ஆனது. விலை குறைவு. தண்ணீரை நிறைய உறிஞ்சும். அதனால் நனைந்ததும் கனமாகிவிடும். கையால் முறுக்கிப் பிழிய வலு வேண்டும். சரியாகப் பிழியாவிட்டால் தரையில் ஈரம் தேங்கும். காய்வதற்கும் நேரமெடுக்கும். மூட்டு வலியுள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று.

நுரைப்பஞ்சு மாப்: கைப்பிடியில் உள்ள நெம்பை இழுத்தால் பஞ்சு மடங்கித் தண்ணீர் பிழியப்படும். சிந்திய தண்ணீரை உறிஞ்சுவதில் இது சிறந்தது. சில வகைப் பஞ்சுகள் காய்ந்தால் கல்போல் இறுகிவிடும். பயன்படுத்துமுன் நனைத்து மென்மையாக்க வேண்டும். ஓடுகளுக்கு இடையிலுள்ள கோடுகளில் இருக்கும் அழுக்கை இது நன்றாக எடுக்காது.

சுழல் மாப்: வாளியில் உள்ள கூடையில் மாப்பை வைத்துச் சுழற்றினால் ஈரம் வெளியேறும். கை ஈரமாவதில்லை, மாப்பும் நன்றாகப் பிழியப்படுகிறது. இதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, காலால் மிதித்துச் சுழற்றுவது. மற்றொன்று, கைப்பிடியை மேலிருந்து அழுத்திச் சுழற்றுவது. மிதிக்கும்போது ஒற்றைக் காலில் நிற்க வேண்டியிருக்கும். எனவே, மூத்தோருக்குக் கைப்பிடியை அழுத்தும் வகையே பாதுகாப்பானது.

தட்டை மாப்: நீள்சதுரத் தட்டில் மைக்ரோஃபைபர் துணி பொருத்தப்பட்டிருக்கும். எடை குறைவு. கட்டிலுக்கும் சோபாவுக்கும் அடியில் குனியாமல் துடைக்கலாம். மைக்ரோஃபைபர் என்பது மிக நுண்ணிய செயற்கை இழை. அதன் இடுக்குகளில் தூசி சிக்கிக்கொள்வதால், குறைந்த ஈரத்திலேயே தரை சுத்தமாகிறது. துணியைத் தனியே கழற்றித் துவைக்கலாம். வாளியின் பிளவில் மேலும் கீழும் இழுத்துப் பிழியும் வகையும் கிடைக்கிறது.

தெளிப்பு மாப்: கைப்பிடியில் ஒரு சிறு புட்டி இருக்கும். விசையை அழுத்தினால் தண்ணீர் தூவலாக விழும். வாளியே தேவையில்லை என்பது பெரிய வசதி. விசையை அடிக்கடி அழுத்துவதால் விரல் மூட்டு வலியுள்ளவர்களுக்குச் சிரமமாக இருக்கலாம்.

நீராவி மாப்: சூடான நீராவியால் சுத்தம் செய்யும் மின்சாதனம். மற்றவற்றைவிடக் கனமானது. மின்கம்பி காலில் தட்டலாம், நீராவி சுடலாம். மரத்தரைக்கும் பல வினைல் தரைகளுக்கும் ஆகாது. தனியாக வாழும் மூத்தோருக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

4. உங்கள் வீட்டுத் தரை எது?

ஒரே வீட்டில் இரண்டு மூன்று வகைத் தரைகள் இருக்கலாம். வாங்குமுன் ஒவ்வோர் அறையையும் ஒருமுறை பாருங்கள்.

ஓட்டுத் தரை: வரவேற்பறையிலும் சமையலறையிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். தட்டை மாப், சுழல் மாப் இரண்டும் பொருந்தும்.

வினைல் தரை: இப்போதைய பல வீடுகளின் படுக்கையறைகளில் உள்ளது. அதிகத் தண்ணீர் விட்டால் இணைப்புகளின் வழியே உள்ளே இறங்கி, ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். தூக்கிய ஓரம் காலில் தட்டும். தட்டை மாப்பை நன்கு பிழிந்து பயன்படுத்துங்கள்.

மரத்துண்டுத் தரை: பழைய வீவக வீடுகளின் படுக்கையறைகளில் காணலாம். ஈரம் பட்டால் மரம் உப்பிக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்து, தேவைப்பட்டால் மட்டும் இலேசான ஈரத்தில் துடையுங்கள்.

பளிங்குத் தரை: வினிகர், எலுமிச்சை, கழிவறை அமிலம் ஆகியவை பளிங்கை அரித்துவிடும். வெறும் தண்ணீரும் மிதமான சோப்பும் போதும்.

5. கடையில் செய்யவேண்டிய ஐந்து சோதனைகள்

படத்தைப் பார்த்தோ விலையைப் பார்த்தோ மட்டும் வாங்காதீர்கள். கடையிலேயே மாப்பைக் கையில் எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

முதல் சோதனை, உயரம். மாப்பை நேராக நிறுத்துங்கள். கைப்பிடியின் நுனி உங்கள் தாடை அளவுக்கு வர வேண்டும். தோளுக்குக் கீழே இருந்தால் குனிய வேண்டிவரும், இடுப்பு வலிக்கும். நீட்டிக் குறைக்கக்கூடிய கைப்பிடியாக இருந்தால், நீட்டிய பிறகு பூட்டு உறுதியாக நிற்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

இரண்டாவது சோதனை, எடை. ஒரே கையால் தூக்கிப் பத்து வரை எண்ணுங்கள். கை நடுங்கினால் அது உங்களுக்குக் கனம். நனைந்தால் இன்னும் கனமாகும் என்பதை மறக்காதீர்கள்.

மூன்றாவது சோதனை, பிடி. மிக மெல்லிய கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க விரல்களுக்கு அதிக வலு வேண்டும். ஓரளவு பருமனாகவும் வழுக்காத உறையுடனும் இருப்பது நல்லது.

நான்காவது சோதனை, பிழியும் முறை. இதுவே மிக முக்கியம். கடையில் மாதிரி வைத்திருந்தால் நின்றபடியே ஒருமுறை இயக்கிப் பாருங்கள். இரண்டு கால்களும் தரையில் இருக்க, முதுகு வளையாமல், மணிக்கட்டை முறுக்காமல் உங்களால் பிழிய முடிகிறதா? முடியாவிட்டால் வேறு மாப்பைப் பாருங்கள்.

ஐந்தாவது சோதனை, மாற்றுத் துணி. துணி எளிதில் கழல்கிறதா, மாற்றுத் துணி தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். குறைந்தது இரண்டு துணிகளாவது இருந்தால், ஒன்று காயும்போது மற்றொன்றைப் பயன்படுத்தலாம்.

வாளியையும் கவனியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. பத்து லிட்டர் வாளியை நிரப்பினால், தண்ணீர் மட்டுமே பத்து கிலோ. மூன்று அல்லது நான்கு லிட்டர் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். சக்கரம் உள்ள வாளியைத் தூக்காமல் தள்ளலாம். ஆனால் அதன்மீது சாய்ந்து நிற்காதீர்கள், நகர்ந்துவிடும். அடியில் வடிகால் மூடி இருந்தால், குளியலறைத் தரைத்துளை அருகே வைத்துத் தண்ணீரைத் திறந்துவிடலாம்; வாளியைக் கவிழ்க்கும் சிரமம் இல்லை.

6. இரண்டு எடுத்துக்காட்டுகள்

மூவறை வீட்டில் தனியாக வாழும் 72 வயது மூதாட்டி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு முழங்கால் வலியும் விரல் மூட்டு வலியும் உண்டு. அவர் கையால் முறுக்கும் நூல் மாப்பைத் தவிர்க்க வேண்டும். தெளிப்பு மாப்பின் விசையும் விரலுக்குச் சிரமம் தரலாம். கைப்பிடியை அழுத்திப் பிழியும் வாளியுடன் கூடிய இலேசான தட்டை மாப் அவருக்குப் பொருந்தும். ஒரே நாளில் வீடு முழுவதையும் துடைக்காமல், இன்று சமையலறை, நாளை வரவேற்பறை என்று பிரித்துக்கொள்ளலாம்.

மற்றொரு வீட்டில் கணவனும் மனைவியும் இருக்கிறார்கள். கணவர் பக்கவாதத்திற்குப் பிறகு கைத்தடியுடன் நடக்கிறார். மனைவி நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார், துடைப்பவர் அவர்தான். அவருக்குச் சுழல் மாப் சிரமமில்லை. ஆனால் இந்த வீட்டில் மாப்பைவிட நேரமே முக்கியம். கணவர் படுத்திருக்கும்போதோ நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதோ துடைத்து, தரை காய்ந்த பிறகே அவரை நடக்கவிட வேண்டும். ஈரத் தரையில் கைத்தடியும் வழுக்கும்.

இல்லப் பணிப்பெண் துடைக்கும் வீடுகளிலும் இதே விதிதான். அறையைத் துடைத்ததும் உங்களிடம் வந்து சொல்லும்படி அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. துடைக்கும் முறை

முதலில், வழியில் இருக்கும் கால்மிதி, மின்கம்பி, சிறு நாற்காலி ஆகியவற்றை அகற்றுங்கள். விளக்கைப் போடுங்கள், சன்னலைத் திறந்து மின்விசிறியை ஓட விடுங்கள்.

அடுத்து, தரையைப் பெருக்குங்கள். தூசியைப் பெருக்காமல் துடைத்தால் அது சேறாகி, மீண்டும் மீண்டும் அலச வேண்டியிருக்கும்.

எண்ணெய் சிந்தியிருந்தால் முதலில் பழைய தாளால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பிறகு அந்த இடத்தை மட்டும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெறும் தண்ணீரால் மறுபடி துடையுங்கள். எண்ணெயின்மேல் நேரே மாப்பைப் போட்டால் எண்ணெய் வீடு முழுவதும் பரவும்.

வழுக்காத அடிப்பாகமும் குதிகால் பட்டையும் உள்ள காலணியை அணியுங்கள். காலுறை மட்டும் போட்டுக்கொண்டு துடைக்காதீர்கள். தேய்ந்துபோன ரப்பர் செருப்பும் ஆபத்தானது.

அறையின் உள்மூலையில் தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள். அப்போது நீங்கள் எப்போதும் உலர்ந்த தரையில்தான் நிற்பீர்கள். பின்னால் அடியெடுத்து வைக்குமுன் திரும்பிப் பாருங்கள். இடுப்பைத் திருகாமல், காலை நகர்த்தித் திரும்புங்கள். நான்கைந்து ஓடுகளைத் துடைத்ததும் மாப்பை அலசிப் பிழியுங்கள். தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள்.

போதுமான அளவு பிழிந்தீர்களா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. துடைத்த இடத்தில் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைப் போட்டு மாப்பின் நுனியால் அழுத்துங்கள். தாள் முழுவதும் ஊறித் தரையோடு ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம். இன்னும் நன்றாகப் பிழியுங்கள். அப்படியும் ஈரம் குறையாவிட்டால், உலர்ந்த துணியை மாட்டி மீண்டும் ஒருமுறை துடையுங்கள்.

களைப்பாகவோ தலைசுற்றலாகவோ இருந்தால் நிறுத்திவிட்டு உட்காருங்கள். தரை சற்றுத் தாமதமாகச் சுத்தமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

8. சோப்பும் பிளீச்சும்

நுரை அதிகம் வந்தால் சுத்தம் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. சோப்பு அதிகமானால் தரையில் படலமாகத் தங்கும். அடுத்தமுறை ஈரம் பட்டதும் வழுக்கும். புட்டியில் எழுதியுள்ள அளவையே பயன்படுத்துங்கள். எழுத்து சிறியதாக இருந்தால் வீட்டில் உள்ளவரையோ கடைக்காரரையோ படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பிளீச்சைக் கழிவறை அமிலத்தோடும் வினிகரோடும் ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு வெளியாகும். அம்மோனியா உள்ள திரவத்தோடும் கலக்கக் கூடாது. இந்த வாயுக்கள் கண்ணையும் நுரையீரலையும் பாதிக்கும். தவறுதலாகக் கலந்து நெடி வந்தால், உடனே வெளியே வந்து நல்ல காற்றில் நில்லுங்கள். மூச்சுத் திணறினால் 995 என்ற எண்ணை அழையுங்கள்.

9. வேலை முடிந்த பிறகு

மாப் துணியை அலசி, நன்கு பிழிந்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மூலையில் சாய்த்து வைத்தால் நாற்றம் எடுக்கும், கிருமிகள் பெருகும். மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கியைச் சேர்க்காதீர்கள். உறிஞ்சும் திறன் குறைந்துவிடும். கழிவறைக்கு ஒரு துணி, சமையலறைக்கு மற்றொரு துணி என வேறு வேறு நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாளியில் தண்ணீர் தங்க விடாதீர்கள். இருபது காசு நாணயத்தின் அளவுள்ள தேங்கிய தண்ணீரே ஏடிஸ் கொசு முட்டையிடப் போதுமானது. முட்டை கொசுவாக வளர ஏறக்குறைய ஏழு நாள்தான் ஆகும். டெங்கி மூத்தோரைக் கடுமையாகத் தாக்கக்கூடும். எனவே, வாளியைத் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். மாப்பையும் வாளியையும் நடைவழியில் வைக்காதீர்கள். இரவில் கழிவறைக்குப் போகும்போது காலில் தட்டும்.

10. ஒருவேளை விழுந்துவிட்டால்

பதறி உடனே எழ முயலாதீர்கள். சற்று நேரம் அப்படியே இருந்து, எங்கே வலிக்கிறது என்று கவனியுங்கள். இடுப்பிலோ காலிலோ கடும் வலி இருந்தால், கழுத்து வலித்தால், அல்லது காலை அசைக்க முடியாவிட்டால் எழ வேண்டாம். குரல் கொடுங்கள், 995 எண்ணை அழையுங்கள். வலி இல்லையென்றால் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலிட்டு, உறுதியான நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்து உட்காருங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உள்ளே இரத்தம் கசியலாம்.

துடைக்கும்போது கைப்பேசியைச் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ வைத்திருங்கள். மேசைமேல் இருக்கும் கைப்பேசி, தரையில் விழுந்து கிடப்பவருக்கு எட்டாது.

விழுந்ததைப் பிள்ளைகளிடம் சொல்லப் பலர் தயங்குகிறார்கள். தங்களை இனி எதையும் தனியாகச் செய்ய விடமாட்டார்கள் என்ற அச்சமே காரணம். மறைக்காதீர்கள். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மருத்துவரிடமும் சொல்லுங்கள். மாத்திரை, கண்பார்வை, கால் வலு என்று காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால், நீங்கள் தொடர்ந்து உங்கள் வேலையை நீங்களே செய்துகொள்ளலாம்.

11. வீட்டைப் பாதுகாப்பாக்க உதவித் திட்டம்

குளியலறைத் தரை துடைத்த பிறகும் வழுக்குகிறது என்றால், மாப்பை மாற்றுவது மட்டும் போதாது. வீவக வீடுகளில் வாழும் மூத்தோருக்காக 2012ஆம் ஆண்டு முதல் ‘ஈஸ்’ என்ற திட்டம் நடப்பில் உள்ளது. இதன்கீழ் குளியலறைத் தரைக்கு வழுக்காத பூச்சு, பிடிமானக் கம்பிகள், சாய்தளம் போன்றவற்றைச் சலுகை விலையில் அமைத்துக்கொள்ளலாம். தகுதிபெறும் சிங்கப்பூர்க் குடிமக்களின் வீடுகளுக்கு, வீட்டின் வகையைப் பொறுத்து, செலவில் 95 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கிறது. அருகிலுள்ள வீவக கிளை அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். விண்ணப்பம் செய்ய உதவி தேவைப்பட்டால், உங்கள் வட்டாரத்தில் உள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்தை நாடலாம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

இந்தக் கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்ல முடிகிறதா?

• என் மாப்பின் கைப்பிடி என் தாடை உயரம் இருக்கிறதா?
• இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, குனியாமல் என்னால் அதைப் பிழிய முடிகிறதா?
• டிஷ்யூ தாள் சோதனையில் தாள் தரையோடு ஒட்டாமல் இருக்கிறதா?
• துடைக்கும்போது வழுக்காத காலணி அணிகிறேனா?
• கைப்பேசி என்னிடம் இருக்கிறதா?
• வாளியைக் கவிழ்த்து வைக்கிறேனா?

ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும், அதை இந்த வாரமே சரிசெய்யுங்கள். மாப்பை மாற்ற வேண்டியிருந்தால், இந்தக் கையேட்டைக் கடைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் வாங்கித் தருவதாக இருந்தாலும், முடிந்தால் நீங்களும் உடன் செல்லுங்கள். அதைப் பிடித்துத் துடைக்கப்போவது உங்கள் கைகள்தாம்.